மறுப்பவனைத் தேடிய கல்வி

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று தலைப்பு போட்டு நிரப்புவதே கட்டுரை என்று நம் பள்ளிக்கூடங்கள் பல தலைமுறைகளாகச் சொல்லித்தருகின்றன. நூலகம் பயனுள்ளது, மரம் நடுவது கடமை, ஒற்றுமையே பலம் என்று எவரும் மறுக்கப்போகாத ஒரு கருத்தை மாணவர் எடுத்துக்கொள்கிறார். அதற்கு ஒரு குறளும் ஒரு தலைவரின் பொன்மொழியும் சேர்க்கிறார். எடுத்த கருத்தையே 'எனவே' போட்டு மறுபடி எழுதி முடிக்கிறார். எழுத்துப் பிழை இல்லையென்றால் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. இந்தப் பயிற்சியில் எல்லாம் இருக்கிறது, வாதம் மட்டும் இல்லை. தமிழுக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது, தருக்கமுறையில் எழுதுவது மேலைக் கல்வியோடு வந்தது என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. ஒரு கூற்றை எடுத்து, அதற்குக் காரணம் காட்டி, எதிர்ப்பைத் தாங்கி நிலைநிறுத்துவது எப்படி என்று மாணவருக்குக் கற்பித்த ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தொடர்ச்சி தமிழில் உண்டு. நிலைநாட்ட எடுத்துக்கொண்ட அந்தக் கூற்றை அத்தொடர்ச்சியின் நூல்கள் பக்கம் என்றும் மேற்கோள் என்றும் அழைத்தன. அந்தக் கல்வியின் உயிர் அதன் சூத்திரங்களில் இல்லை, மறுப்பவனுக்கு அது கொடுத்த இடத்தில் இருந்தது என்பதும், நாம் இழந்தது அந்த இடத்தைத்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சான்றுகளை மணிமேகலையிலிருந்து தொடங்கலாம். சீத்தலைச் சாத்தனாரின் இந்தப் பௌத்தக் காப்பியத்தில் 27-ஆம் காதை முழுவதும் சமயவாதிகளின் பேச்சு. வஞ்சி நகரில் மணிமேகலை ஆண் துறவியின் உருவம் கொண்டு ஒவ்வொருவரிடமும் சென்று, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று பலரும் தத்தம் தரப்பைச் சொல்கிறார்கள். முதலில் பேசும் அளவைவாதியின் பேச்சே, ஒன்றை அறிவதற்கு எத்தனை வழிகள் உண்டு, அவற்றில் எவை ஏற்கத்தக்கவை என்பது பற்றியது. கடைசியாக வரும் பூதவாதி, கண்ணால் கண்டது தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்கிறான். உன் தாய் தந்தையர் இவர்கள்தாம் என்பதைக் கருதலளவை, அதாவது அனுமானம், இல்லாமல் வேறு எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். இந்தக் கேள்வியின் நுட்பம் கவனிக்கத்தக்கது. அவள் தன் சமயத்தை அவன்மேல் திணிக்கவில்லை. அவன் அன்றாடம் ஏற்று வாழும் ஓர் அறிவே அவன் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்பதை மட்டும் காட்டுகிறாள். எதிராளியின் காலடி நிலத்தில் நின்றே அவனை மறுப்பது என்ற பாடம் இங்கே கதையாக நடந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமானது காதைகளின் வரிசை. பிற சமயத்தார் அனைவரின் வாதங்களையும் கேட்ட பிறகுதான் மணிமேகலை காஞ்சிக்குச் செல்கிறாள். அங்கே பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். 29-ஆம் காதையில் அடிகள் தொடங்குவது அறத்தை அன்று, அளவையியலை. காட்சி, கருத்து என்று அளவை இரண்டு. வாதத்தின் உறுப்புகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து. பின்னிரண்டும் திட்டாந்தத்துக்குள் அடங்கும் என்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். முதலில் மாற்றார் சொல்வதைக் கேள், பிறகு வாதம் எப்படிக் கட்டப்படுகிறது என்று படி, அதன் பிறகே கொள்கையை ஏற்றுக்கொள் என்பது அந்த வரிசையின் பொருள். தன் சமயத்தைப் பரப்ப எழுதப்பட்ட காப்பியம், தன் நாயகியை அந்தச் சமயத்துக்குள் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இத்தனை சுற்றி அழைத்துவருகிறது. கேட்காமல் ஏற்ற கொள்கைக்கு வலு இல்லை என்று ஆசிரியர் நினைத்திருக்காவிட்டால் இந்தச் சுற்றுக்குத் தேவையே இல்லை.

அறவண அடிகளின் பாடத்தில் பெரும்பகுதி வாதத்தின் குற்றங்களுக்கே செல்கிறது. பக்கத்தில் நேரும் போலிகள் 9, ஏதுவில் அசித்தம் 4, அநைகாந்திகம் 6, விருத்தம் 4 என 14, திட்டாந்தத்தில் 10. ஆக 33 வகையில் ஒரு வாதம் கெட்டுப்போகலாம். நல்ல வாதத்துக்குச் சில வரிகள் போதுமானவையாக இருக்க, கெட்ட வாதத்துக்கு இவ்வளவு இடம் ஏன்? கற்பித்தலின் நோக்கிலிருந்து பார்த்தால் விடை எளிது. சரியான வாதத்தை மனப்பாடம் செய்துவிடலாம். தவறான வாதத்தை அடையாளம் காண யோசிக்க வேண்டும். பக்கப் போலிகளின் உதாரணங்களைப் பாருங்கள். ஒலி செவிக்குப் புலனாகாது என்பது கண்கூடான அறிவுக்கு முரண். என் தாய் மலடி என்பது சொல்பவன் சொல்லுக்கே முரண். அழியும் குடத்தை அழியாதது என்பது அனுமானத்துக்கு முரண். ஒலி அழியக்கூடியது என்ற கொள்கை உடைய வைசேடிகன் ஒலி நித்தியம் என்று வாதிட்டால் அது அவன் ஆகமத்துக்கே முரண். மாணவர் ஒரு கூற்றை எடுத்துக்கொண்டதும், ஏது தேடப் போகும் முன்னர், அந்தக் கூற்று நிற்கத் தகுதியானதுதானா என்று சோதிக்கும் வரிசை இது. இன்றைக்கு ஆய்வேட்டு மாணவர் ஒருவர் தலைப்பு பதிவு செய்யும் நாளில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இவைதாம்.

அந்த 9-இல் கடைசி நான்கும் இன்னும் நுட்பமானவை. அவற்றுள் மூன்றின்படி, எதிராளி ஏற்காத சொல்லை, எதிராளி ஒப்பாத பொருளை வைத்துக்கொண்டு கூற்றை அமைத்தால் அதுவும் குற்றம் என்கிறது பாடம். ஒலி அழிந்துபோவது என்று பௌத்தர் ஒருவர் சாங்கியரிடம் சொன்னால் வாதம் தொடங்கவே தொடங்காது. முற்றிலும் அழிவது என்று ஒன்று உண்டு என்பதையே சாங்கியர் ஒப்புவதில்லை. அதாவது, கூற்றின் வலிமை அதைச் சொல்பவரின் உறுதியில் இல்லை. கேட்பவர் எந்த இடம் வரை கூடவே வருவார் என்பதைக் கணித்து அங்கிருந்து தொடங்குவதில் இருக்கிறது. ஏதுவுக்கு இடப்பட்ட நிபந்தனைகளும் இதே வகையானவை. ஏது எடுத்துக்கொண்ட பொருளில் இருக்க வேண்டும். அதை ஒத்த பொருள்களிலும் காணப்பட வேண்டும். ஒவ்வாத பொருள்களில் காணப்படக் கூடாது. ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால் என்று சொன்னால், அறியப்படுதல் அழியும் குடத்துக்கும் உண்டு, அழியாத ஆகாயத்துக்கும் உண்டு. ஆகவே அந்த ஏது எதையும் நிறுவவில்லை. செய்யப்படுவதால் என்று சொன்னால் குடம் உள்ளே வருகிறது, ஆகாயம் வெளியே நிற்கிறது, வாதம் நிற்கிறது. தனக்குச் சாதகமான உதாரணங்களை மட்டும் அடுக்கி முடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மருந்து இல்லை. மூன்றாவது நிபந்தனை மாணவரை எதிர்த்தரப்புக்குள் போய்த் தேடச் சொல்கிறது.

காப்பியங்கள் இதைக் கதையாகவே நடத்திக் காட்டின. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் தரப்பில் எழுந்தது நீலகேசி. தருமவுரை, குண்டலகேசி வாதம், அருக்கசந்திர வாதம், மொக்கல வாதம், புத்த வாதம், ஆசீவக வாதம், சாங்கிய வாதம், வைசேடிக வாதம், வேத வாதம், பூத வாதம் என்ற அதன் 10 பகுதிகளில் முதலாவதைத் தவிர எல்லாமே வாதங்கள். ஒவ்வொரு வாதத்திலும் எதிராளி தன் கொள்கையைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே நீலகேசியின் மறுப்பு. குண்டலகேசி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. அது என்ன வாதிட்டது என்பதைப் பெருமளவு தெரிந்துகொள்வது, அதை மறுக்க எழுந்த நீலகேசியிலிருந்தும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையிலிருந்தும்தான். மறுப்பவரின் கையில் மறுக்கப்பட்டவர் உயிர்பிழைத்திருக்கிறார். எதிர்த்தரப்பை ஒரு வரியில் தள்ளிவிடும் வழக்கம் அன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இவையெல்லாம் சமயவாதிகளின் பயிற்சி, சாதாரண மாணவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் நன்னூலுக்குப் போக வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற கங்கச் சிற்றரசன் வேண்ட, சமணரான பவணந்தி முனிவர் இயற்றியது அது. எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் அந்த இலக்கணம் பாயிரத்தில் நூல், ஆசிரியர், பாடம் சொல்லும் முறை, மாணவர், பாடம் கேட்கும் முறை ஆகியவற்றைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நூல் எழுதுபவர் பிறர் கருத்தின்முன் எடுக்கக்கூடிய நிலைகளை ஏழு மதங்களாகப் பவணந்தியார் பிரிக்கிறார். பிறர் சொன்னதோடு உடன்படலாம், மறுக்கலாம், பிறர் கருத்தை முதலில் ஏற்று எடுத்துக்கொண்டு பிறகு அதைக் களையலாம், தான் ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிலைநிறுத்தலாம், இருவர் முரண்படும் இடத்தில் ஒன்றைத் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்ளலாம். ஏழில் எதுவும் வெற்று நிலத்தில் நின்று சொல்வதாக இல்லை. கடைசி நிலையைக்கூடப் பிறர் கொள்கை என்ன என்று தெரிந்தவர்தான் எடுக்க முடியும். ஒருவர் எழுத வரும்போது அவருக்கு முன்பே அங்கே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, அதில் தன் இடம் எது என்று அறிந்து உட்கார வேண்டும் என்பது இந்தப் பகுப்பின் அடிப்படை.

நூலுக்குச் சொன்னது உரைக்கும் பொருந்தியது. சுருக்க உரையான காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவும் விடையும் உறுப்புகள் என்கிறது நன்னூல். அதற்கும் நெடுங்காலம் முந்திய தொல்காப்பியத்தின் மரபியலும், எதிர்ப்பக்கத்துக் கேள்வியும் அதற்கான மாற்றமும் உரையில் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. இந்த விதி ஏட்டோடு நிற்கவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'அற்றேல்', 'எனின்', 'அற்றன்று' என்ற சொற்கள் வருகின்றன. சூத்திரத்துக்கு ஒரு பொருள் சொல்கிறார். அப்படியானால் இந்த இடர் வருமே என்று தானே ஒரு கேள்வியை எழுப்புகிறார். அதற்கு விடை சொல்கிறார். அந்த விடைக்கும் ஒரு தடை வந்தால் அதையும் எடுத்துக்கொள்கிறார். தனக்கு முந்திய இளம்பூரணரை உரையாசிரியர் என்றே சுட்டி, அவர் சொன்ன பொருளை எடுத்துக்காட்டி, ஏன் பொருந்தாது என்று காரணம் தருகிறார். குறளுக்கு உரை செய்த பரிமேலழகரும் இவ்வாறு உரைப்பாரும் உளர் என்று பிறர் கருத்தைச் சொல்லிவிட்டே அதைத் தள்ளுகிறார். இந்த உரைகளைப் பாடம் கேட்டு வளர்ந்த மாணவர் பெற்றது இலக்கண அறிவு மட்டுமன்று. ஒரு கூற்றைப் படித்தவுடன், இதற்கு யார் என்ன சொல்வார் என்று மனம் தானே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் பெற்றார்.

இந்தப் பழக்கத்தை ஒரு நூலின் எலும்புக்கூடாகவே ஆக்கியவர் சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டார். திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த அவர் 13-ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் 12 சூத்திரங்கள், 40 அடிகள். ஆனால் சூத்திரத்தோடு அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சூத்திரத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் இது, ஏது இது, எடுத்துக்காட்டு இது என்று வகுத்துக் காட்டினார். உலகம் தோன்றி நின்று அழிவது என்று முதலில் ஒரு மேற்கோள். தோற்றமும் முடிவும் உள்ள பொருளுக்கே காணப்படுவதால் என்று ஏது. அடுத்த மேற்கோள் அந்த உலகத்தை ஒடுக்கித் தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு என்பது. செய்பவன் இல்லாமல் செயல் நடப்பதில்லை என்று ஏது. முதலாவது நிறுவப்பட்ட பிறகே இரண்டாவது எழுகிறது. பெரிய கூற்று ஒன்றை அப்படியே தூக்கி வைக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் சிறு கூற்றுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கு ஒப்படைக்கும் முறை இது. படிப்பவர் முடிவை ஏற்காமல் போகலாம். எந்தப் படியில் தான் ஏற்க மறுக்கிறேன் என்பதை அவரால் விரல் வைத்துக் காட்ட முடியும். நன்கு கட்டிய வாதத்துக்கு அதுவே அடையாளம்.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இதற்கு மறுபாதியைச் சேர்த்தார். அவருடைய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரு பகுதிகள் கொண்டது. பிறர் பக்கம் முதலில், தன் பக்கம் பிறகு. பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை 14 தரப்புகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அந்த மதம் இன்னது என்ற பகுதி, அடுத்து அதன் மறுதலை. சுபக்கமும் அளவை இலக்கணத்தைச் சொல்லிவிட்டே கொள்கைக்குள் நுழைகிறது. 1313-இல் உமாபதி சிவாசாரியார் எழுதிய சங்கற்ப நிராகரணம் ஒரு படி மேலே சென்று, மாயாவாதத்தை மறுத்த கையோடு, தம் சமயத்துக்கு மிக அருகில் நிற்கும் சைவப் பிரிவுகளின் கருத்துகளையும் எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்கிறது. தூரத்து எதிரியை மறுப்பது எளிது. அடுத்த வீட்டுக்காரரோடு எங்கே பிரிகிறோம் என்று துல்லியமாகச் சொல்வதுதான் சிந்தனைக்குக் கடினமான வேலை.

18-ஆம் நூற்றாண்டில் இந்த இரு ஓடைகளும், இலக்கணமும் சைவ சித்தாந்தமும், திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவரிடம் கூடுகின்றன. சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதியவர் அவர். சங்கர நமச்சிவாயரின் நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியவரும் அவரே. அன்னம்பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் செய்த தருக்க சங்கிரகத்தை அவர் தமிழாக்கினார். தருக்கம் படிக்கத் தொடங்கும் மாணவருக்கென்றே எழுதப்பட்ட சிறு நூல் அது. அதில் ஒரு வேறுபாடு நம் பேச்சுக்கு மிகவும் உதவுகிறது. தனக்காக அறியும் அனுமானம் வேறு, பிறருக்கு அறிவிக்கும் அனுமானம் வேறு. மலையில் புகையைக் கண்டவன் நெருப்பு உண்டு என்று தானே அறிந்துகொள்வதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டியதில்லை. ஐயப்படும் இன்னொருவனுக்கு அதை நிறுவும்போதுதான் மேற்கோள், ஏது, உதாரணம் என்று வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. வாதத்தின் வடிவமே இன்னொருவன் இருப்பதால் பிறந்தது. எதிரில் எவரையும் நிறுத்தாமல் வடிவத்தை மட்டும் மாணவரிடம் கொடுத்தால் அவர் தலைப்புகளை நிரப்பத்தான் செய்வார்.

இந்த வரலாற்றுக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை இப்போது பார்க்க வேண்டும். முதலாவது, இவை எல்லாம் வடமொழித் தருக்கத்தின் இரவல் என்பது. பெருமளவு உண்மை. மணிமேகலையின் 29-ஆம் காதை நியாயப்பிரவேசம் என்ற பௌத்த நூலின் பகுப்புகளோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது; சொற்களும் பெரும்பாலும் வடசொற்களே. ஆனால் இங்கே கேட்கப்படுவது கருவியைக் கண்டுபிடித்தவர் யார் என்பதன்று, அதை வைத்துத் தமிழில் என்ன செய்தார்கள் என்பது. அந்தக் கருவி தமிழ்க் காப்பியத்துக்குள் கதையானது. தமிழ்ச் சொற்களின் திணையும் வேற்றுமையும் பற்றிய தகராறுகளைத் தீர்க்கும் நடையாக உரைகளில் ஊறியது. தமிழ்ச் சூத்திரம் ஒன்றின் உடலாகச் சிவஞானபோதத்தில் நின்றது. வேறு மொழியில் பிறந்தது என்பதற்காக ஒரு பயிற்சியை நம்முடையதில்லை என்று தள்ளினால், இன்றைய பள்ளியின் மூன்று தலைப்புக் கட்டுரையையும் சேர்த்தே தள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. இந்த வாதங்களில் முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நீலகேசி ஒருபோதும் தோற்பதில்லை, பரபக்கத்தில் எந்த மதமும் மறுதலைக்குப் பிறகு எழுந்து நிற்பதில்லை. இது சிந்தனைப் பயிற்சி அன்று, வென்றவர் எழுதிய நாடகம் என்று சொல்லலாம். மறுக்க முடியாத குறை இது. எதிராளியின் கொள்கையைச் சுருக்கும்போதே அதை வளைத்த இடங்களும் இந்நூல்களில் உண்டு. எனினும் இரண்டு செய்திகள் இதோடு சேர்த்து எண்ணத்தக்கவை. ஒன்று, வாதத்தின் விதிகள் எந்தச் சமயத்துக்கும் சொந்தமாக இருக்கவில்லை. பௌத்தக் காப்பியம் கற்பித்த பக்கமும் ஏதுவும் சைவ சாத்திரத்தில் மேற்கோளும் ஏதுவுமாக வேலை செய்கின்றன; சமணர் எழுதிய நன்னூலைச் சைவ மடங்கள் பாடம் சொல்லின. முடிவில் பிரிந்தவர்கள் முறையில் ஒத்திருந்தார்கள். அப்படிப் பொதுவான விதி இருக்கும் இடத்தில், ஆசிரியரின் முடிவையே அந்த விதியால் சோதிக்க மாணவருக்கு வழி திறந்திருக்கிறது. மற்றொன்று, இலக்கண உரைகளில் எந்த முடிவும் முன்பே எழுதப்பட்டிருக்கவில்லை. இளம்பூரணரின் கருத்தைச் சேனாவரையர் மறுத்ததற்குக் காரணம் சமயப் பகை அன்று, சான்று. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தைக் கண்டித்துச் சிவஞான முனிவர் எழுதிய இலக்கண விளக்கச் சூறாவளி நடையில் கடுமையானதுதான். அதுகூடச் சைவர் ஒருவர் இன்னொரு சைவரோடு இலக்கணத்துக்காக நடத்திய வழக்கு.

மூன்றாவதாக, இது ஒரு சிலருக்கே கிடைத்த கல்வி. காப்பியங்களில் வாதிடுபவர்கள் மணிமேகலையும் நீலகேசியும் குண்டலகேசியுமாகப் பெண்கள். மடத்துப் பாடசாலையிலோ புலவர் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்தவர்களில் பெண்கள் இல்லை, பெரும்பாலான சாதியினரும் இல்லை. மாபாடியமே நெடுங்காலம் ஆதீனத்துக்குள் காக்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டில்தான் அச்சுக்கு வந்தது. இதற்குப் பதிலாகப் பழம்பெருமை எதையும் சொல்லக் கூடாது. அந்தக் கதவுகளை உடைத்துத் திறந்தது பிற்காலப் பள்ளிக்கூடம்தான். ஆனால் கதவு திறந்த அதே காலத்தில் உள்ளே இருந்த பயிற்சி வெளியேறிவிட்டது என்பதும் உண்மை. சிலருக்கே கிடைத்தது என்பது அதை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லும் காரணமே தவிர, கைவிடச் சொல்லும் காரணமாகாது.

நான்காவது, பழைய கல்வி என்றாலே உருப்போடுதல்தானே என்பது. திண்ணைப் பள்ளியின் தொடக்கநிலைக்கு அது பொருந்தும். எண்சுவடியும் நெல்லிலக்கமும் ஆத்திசூடியும் நாவில் ஏறாமல் அங்கே எதுவும் நடக்கவில்லை. மேற்கல்வியைப் பற்றி நன்னூல் சொல்வது வேறு. பாடத்தைப் போற்றி மனத்தில் வைக்கச் சொல்லும் அதே நூல், வினவுவதையும் பிறர் வினவியதற்கு விடை சொல்வதையும் மாணவரின் கடமைகளாகச் சேர்க்கிறது. ஆசிரியர் சொல்வதை முழுதும் நன்றாகவே கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால்பங்கு. உடன்பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப்பங்கு என்று கணக்கும் தருகிறது. கற்றலில் முக்கால் பங்கை ஆசிரியருக்கு வெளியே வைத்த ஒரு நூலை உருப்போடும் கல்வியின் சாசனம் என்று சொல்ல முடியாது. பாடம் மனத்தில் இருந்ததால்தான் ஓலையைப் புரட்டாமல் உடனுக்குடன் எதிர்வினா எழுப்ப முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

பயிற்சி எங்கே அறுந்தது? 19-ஆம் நூற்றாண்டில் அச்சும் பள்ளியும் தேர்வும் ஒன்றாக வந்தன. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆயிரக்கணக்கானோரை ஒரே அளவுகோலால் அளந்தாக வேண்டிய தேவை எழுந்தது. அதே நூற்றாண்டில் கிறித்தவச் சபைகளின் ஞானோபதேச வினாவிடைகளும், ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை போன்ற நூல்களும் பரவின. எளியவருக்குப் பாடத்தைக் கொண்டுசேர்த்ததில் இவற்றின் பங்கு பெரியது. ஆனால் வினாவின் இயல்பு இங்கே மாறிவிட்டது. உரையில் வந்த வினாவைக் கேட்டவன் ஐயப்படுபவன். அவனுக்குச் சரியான விடை தராவிட்டால் கூற்றே விழுந்துவிடும். வினாவிடைப் புத்தகத்திலும் தேர்வுத்தாளிலும் வினாவைக் கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். அவர் சோதிப்பது கூற்றை அன்று, மாணவரின் நினைவை. எதிராளி உட்கார்ந்திருந்த இருக்கையில் தேர்வாளர் வந்து உட்கார்ந்தார். மறுப்பவர் வாதத்தை விட்டு வெளியேறி, சமயக் கண்டன நூல்களிலும் மேடைகளிலும் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் குரல் இருந்தது, வகுப்பறையில் இல்லை. வள்ளலாரின் பாடல்களைச் சுற்றி எழுந்த அருட்பா மருட்பாச் சண்டை போன்றவற்றில் வாதம் வசையானதற்கும், மாணவர் கட்டுரை எவரோடும் மோதாத உபதேசமானதற்கும் இந்தப் பிரிவினையே வேர் என்று கருதலாம். வாதம் ஒருபுறமும் பயிற்சி மறுபுறமும் போனால் இரண்டும் கெடும்.

அப்படியானால் மாணவர்களைப் பட்டிமன்றத்துக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். பட்டிமண்டபம் மணிமேகலையிலேயே வருகிறது. புகார் நகரத்து இந்திர விழாவுக்கான அறிவிப்பில், சமயவாதிகள் முறையறிந்து அதில் ஏறும்படியும், பகைவரிடமும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போகும்படியும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இன்றைய மேடையில் அணி பிரித்துத் தருகிறார்கள். பேச்சாளர் தன் அணிக்குக் கிடைத்த தரப்பைத் தாங்க வேண்டும், சிரிப்பும் கைதட்டும் வாங்க வேண்டும். பேச்சுக்கலைக்கு அது நல்ல பள்ளி. எதிர்த்தரப்பின் மிக வலுவான காரணத்தைத் தேடி எடுத்து, அது சரியென்றால் தன் கூற்றையே திருத்திக்கொள்ளும் பயிற்சி அங்கே கிடைக்காது. எழுத்தில்தான் அது கிடைக்கும். எழுதும்போது இரு அணியும் ஒருவரே.

பழைய நூல்கள் வகுத்த வரிசையை அப்படியே இன்றைய வகுப்பறைக்குப் பெயர்க்க வேண்டியதில்லை. 33 போலிகளின் பெயரை எட்டாம் வகுப்பில் ஒப்பிக்கச் செய்தால் அதுவும் இன்னொரு மனப்பாடமாகிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையின் நியாயத்தை. மாணவர் ஒரு கூற்றைச் சொன்னதும், சரியா தவறா என்று ஆசிரியர் தீர்ப்பு சொல்வதற்கு முன், இதை மறுப்பவர் யார் என்று கேட்கட்டும். எவரும் இல்லையென்றால் கூற்று இன்னும் பிறக்கவில்லை. மரம் நல்லது என்பதை விட்டுவிட்டு, சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டலாமா என்பதில் ஒரு நிலையை எடுக்கச் சொல்லலாம். மறுப்பவர் அகப்பட்டதும், அவர் காரணத்தை அவரே படித்து ஒப்புக்கொள்ளும்படி ஒரு பத்தி எழுதச் சொல்லலாம். அதன் பிறகு தன் ஏதுவை எழுதி, அது எதிர்த்தரப்பு உதாரணத்துக்கும் பொருந்திவிடுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். பொருந்தினால் ஏதுவை மாற்ற வேண்டும், அல்லது கூற்றைச் சுருக்க வேண்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை எதிர்த்தரப்பை எவ்வளவு நேர்மையாகச் சொன்னார் என்பதற்கு ஒதுக்கலாம். இதற்குப் புதிய பாடநூல் தேவையில்லை, கூடுதல் செலவும் இல்லை. ஆனால் மாணவர் ஆசிரியருக்கு உடன்பாடில்லாத கட்டுரையை எழுதி வந்தாலும், ஏது நின்றால் முழு மதிப்பெண் போட அந்த ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். பழைய உரையாசிரியர்கள் தம் முன்னோரிடம் காட்டிய அந்தத் துணிவை மாணவர் தம்மிடம் காட்ட இடம் கொடுக்காத வகுப்பில், வேறு எந்த முறையைப் புகுத்தினாலும் மூன்று தலைப்புக் கட்டுரைதான் திரும்பி வரும்.